ஓவியரின் முகம்

வியன்னா நகரத்து ஆல்பர்ட்டினா காட்சிச்சாலையில் ஒரு சிறு தாள் பாதுகாக்கப்பட்டு வருகிறது. வெள்ளிக் கம்பியின் கூர்முனையால் அதில் ஒரு சிறுவனின் உருவம் கீறப்பட்டிருக்கிறது. கன்னம் சற்றே உப்பியிருக்கிறது, தலையில் குல்லாய், சுட்டுவிரல் எதையோ காட்டுகிறது. 1484ஆம் ஆண்டில், தாம் சிறுவனாக இருந்தபோது, கண்ணாடியைப் பார்த்துத் தம்மையே வரைந்துகொண்ட படம் இது என்று தாளின் மேற்புறத்தில் எழுதியிருக்கிறது. வளர்ந்து பேரும் புகழும் எய்திய பிறகு, வரைந்தவர் தம் கையாலேயே எழுதி வைத்த குறிப்பு அது. அவர் ஆல்பிரெக்ட் டூரர்; ஜெர்மனியின் நூரம்பர்க் நகரத்துப் பொற்கொல்லர் ஒருவரின் மகன். படம் வரைந்தபோது அவருக்கு வயது 13.

இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு நகரத்து ஆஷ்மோலியன் காட்சிச்சாலையில் மற்றொரு தாள் உண்டு. சிலுவையின் அடியில் நின்று கைகளைக் கோத்துத் துயரத்துடன் மேல்நோக்கும் புனித யோவானின் உருவம் அதில் இருக்கிறது. டூரர் 1511இல் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்ட படம் ஒன்று எப்படியோ கடல் கடந்து மொகலாய அரண்மனைக்கு வந்து சேர்ந்தது. அதைப் பார்த்து 1600ஆம் ஆண்டில் இந்த உருவத்தை வரைந்தவன் அபுல் ஹசன் என்னும் சிறுவன். ஆகா ரிஸா என்ற பாரசீக ஓவியரின் மகன். அவனும் அப்பொழுது தன் பதின்மூன்றாம் வயதில் இருந்தான்.

ஒரு சிறுவன் தன் முகத்தை வரைந்தான். மற்றொருவன் பிறர் வரைந்த உருவத்தை வரைந்து, அதில் தன் பெயரையும் தந்தையின் பெயரையும் தன் வயதையும் குறித்து வைத்தான். கைத்தொழில் செய்து பிழைக்கும் ஒருவனுக்குத் தன் முகத்தைத் தானே வரைந்துகொள்ளும் உரிமை எப்பொழுது வருகிறது? தன் பெயரைத் தன் வேலையின்மேல் எழுதும் உரிமை யார் இசைவால் வருகிறது? ஐரோப்பிய மறுமலர்ச்சிக் காலத்து ஓவியரின் வாழ்க்கையையும், அவர்கள் தம்மைத் தாமே வரைந்த படங்களையும் இக்கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டே நாம் இங்கே காணப் புகுகிறோம். நம் நாட்டு ஓவியரையும் சிற்பியரையும் அதே கேள்வியுடன் அணுகுவதும் நம் நோக்கம்.

பிளாரன்ஸ் நகரத்தில் 14, 15ஆம் நூற்றாண்டுகளில் ஓவியர் என்போர் கைத்தொழிலாளரே. அவர்களுக்கெனத் தனிப் பெருஞ் சங்கம்கூட இல்லை. மருத்துவரும் மருந்து வணிகரும் சேர்ந்து நடத்திய சங்கத்தில் அவர்களுக்கு ஓர் இடம் கிடைத்தது. வண்ணப் பொடிகளை விற்றவர்கள் மருந்துக் கடைக்காரர்கள் என்பதே அதற்குக் காரணம்! கோயிலுக்கோ செல்வர் இல்லத்துக்கோ படம் எழுத ஒப்பந்தம் செய்யும்போது, பொன் தகடு எவ்வளவு, உயர்ந்த நீல வண்ணம் எந்தத் தரம் என்றெல்லாம் பத்திரத்தில் எழுதி வாங்கிக்கொள்வார்கள். அந்த நீலம் ஆப்கானிஸ்தானத்து மலைகளில் வெட்டி எடுத்த கல்லைப் பொடித்துச் செய்தது. ஏறக்குறையப் பொன் விலை. இவ்வாறு பொருளின் விலைக்கு முதலிடம் தந்தவர்கள், எழுதும் கையின் விலையைப் பின்னரே எண்ணத் தொடங்கினர்.

இந்நிலையில் ஓவியர் தம் முகத்தைத் தனியே எழுதி மாட்டிவிட முடியுமா? முடியாது. ஆகவே அவர்கள் கூட்டத்தோடு கூட்டமாக உள்ளே நுழைந்தனர். பிளாரன்ஸ் நகரத்து ஞானஸ்நான ஆலயத்தின் பொன் முலாம் பூசிய வெண்கலக் கதவுகளைச் செய்தவர் கிபெர்ட்டி. 1425 முதல் 1452 வரை அந்த ஒரு வேலையிலேயே அவர் காலம் கழிந்தது. கதவின் சட்டத்தில் வரிசையாக அமைந்த சிறு தலைகளுள் ஒன்று, வழுக்கை விழுந்த, குறும்புப் பார்வை கொண்ட ஒரு முதியவரின் தலை. அதுதான் கிபெர்ட்டி. 27 ஆண்டுகள் உழைத்தவர் உள்ளங்கை அளவு இடத்தைத் தமக்கென எடுத்துக்கொண்டதை யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

போட்டிச்செல்லி 1475 அளவில் எழுதிய ஓவியம் ஒன்றில், குழந்தை இயேசுவை வணங்க வந்த மூன்று அரசரைச் சூழ்ந்து பெருங்கூட்டம் நிற்கிறது. மெடிச்சிக் குடும்பத்துச் செல்வர்களின் முகங்களை அக்கூட்டத்தில் காண்கிறோம். வலப்பக்க ஓரத்தில் மஞ்சள் போர்வை போர்த்த ஓர் இளைஞர் மட்டும் குழந்தையைப் பாராமல் நம்மைத் திரும்பிப் பார்க்கிறார். அவரே போட்டிச்செல்லி என்பது அறிஞர் பலரின் துணிபு. ரபேல், போப்பாண்டவரின் மாளிகைச் சுவரில் 1509க்கும் 1511க்கும் இடையே பண்டைக் கிரேக்க ஞானியர் அனைவரையும் ஒரே மண்டபத்தில் கூட்டி எழுதினார். பிளேட்டோவும் அரிஸ்டாட்டிலும் நடுவே நடந்து வர, வலக் கோடியில் கருநிறத் தொப்பியுடன் எட்டிப் பார்க்கும் இளம் முகம் ரபேலுடையது. விருந்து வீட்டில் சமையற்காரர் கதவோரம் வந்து பந்தியைப் பார்த்துப் போவது போல் ஓவியர்கள் ஓரத்தில் நின்று பார்க்கிறார்கள்.

கதவோரத்திலிருந்து நடுக்கூடத்துக்கு வந்தது எவ்வாறு? கண்ணாடிக்கும் இதில் பங்குண்டு. வெனிஸ் அருகே முரானோத் தீவில் கண்ணாடித் தொழில் சிறந்து வளரவே, தெளிந்த முகக்கண்ணாடிகள் மெல்லப் பரவின. அதற்கு முன்பே, 1433இல், பிளாண்டர்ஸ் நாட்டு ஓவியர் யான் வான் ஐக், சிவந்த துணியைத் தலையில் சுற்றிய ஒருவரின் முகத்தை எழுதி, சட்டத்தில் தம் பெயரையும் நாளையும் பொறித்தார். அது அவர் முகமே என்று கருதுவோர் பலர். பார்மிஜியானினோ என்ற இளைஞர் 1524இல் செய்தது வேடிக்கையானது. நாவிதர் வைத்திருக்கும் குவிந்த கண்ணாடி ஒன்றில் தம்மைப் பார்த்தார். முன்னே நீட்டிய கை முகத்தினும் பெரிதாகவும், அறையின் சுவர்கள் வளைந்தும் தெரிந்தன. கண்ணாடியைப் போலவே குவிந்த மரப்பலகை ஒன்றைக் கடைந்து, கண்டதைக் கண்டவாறே அதன்மேல் எழுதினார். அப்பலகையை எடுத்துக்கொண்டு ரோமாபுரிக்குப் போய்ப் போப்பாண்டவரிடம் காட்டினார். வேலை தேடிச் செல்லும் இளைஞர் சான்றிதழ் கொண்டு போவது போல், அவர் தம் முகத்தைக் கொண்டு போனார்!

ஆயினும் முகத்தை ஒரு கொடியாக உயர்த்திப் பிடித்தவர் டூரரே. 1498இல் எழுதிய படத்தில், வெண்மையும் கருமையும் கலந்த உயர்ந்த உடையணிந்து, கையுறை பூண்டு, பின்னே சாளரத்தில் பனிமலைகள் தெரிய, ஒரு பிரபுவைப் போல் வீற்றிருக்கிறார். 1500இல், தம் 28ஆம் வயதில், இன்னும் ஒரு படி மேலே சென்றார். நேர்முகமாக, தோளில் புரளும் கூந்தலுடன், மார்பருகே வைத்த கையுடன் தம்மை எழுதினார். அக்காலத்தில் அவ்வாறு நேர்முகமாக எழுதும் முறை பெரும்பாலும் இயேசுநாதரின் உருவத்துக்கே உரியது. இது ஆணவமா, பக்தியா? கலைத்திறன் இறைவன் தந்த வரம், ஆதலால் வரம் பெற்றவனின் முகமும் வணங்கத்தக்கது என்பது அவர் எண்ணம் போலும். ஆணவமும் பக்தியும் அதில் கலந்தே இருக்கின்றன என்று நமக்குத் தோன்றுகிறது.

1506இல் டூரர் வெனிஸ் நகரத்தில் தங்கியிருந்தார். ஊரில் இருந்த நண்பருக்கு அங்கிருந்து எழுதிய கடிதத்தில், இங்கே நான் கனவான், சொந்த ஊரிலோ பிறர் தயவில் உண்பவன் என்னும் கருத்துப்பட ஏங்கியிருக்கிறார். சொந்த ஊரைவிட வந்த ஊரில் தம் தொழிலுக்கு மதிப்பு மிகுதி என்பதைக் கண்ட ஒருவரின் பேச்சு அது. நம் நேயர்களில் பலருக்கு அது புதிதாக இராது. அவ்வாண்டில் வெனிஸில் எழுதிய திருச்செபமாலைத் திருவிழா ஓவியத்தில், தம் பெயர் எழுதிய தாளைக் கையில் பிடித்தபடி அவரும் நிற்கிறார்.

அவருடைய வாழ்க்கையில் நம் மனத்தைத் தொடும் செய்தி வேறொன்று உண்டு. தம் குடும்ப வரலாற்றை அவர் ஏட்டில் எழுதி வைத்தார். தம் பெற்றோருக்குப் பிறந்த பிள்ளைகள் 18 பேரையும் அதில் குறித்திருக்கிறார். வளர்ந்து ஆளானவர் மூவரே. முகம் எழுதப்படாமல் மறைந்த அந்த 15 குழந்தைகளும் ஏட்டில் இன்றும் இருக்கிறார்கள்.

மைக்கேல் ஆஞ்சலோவின் வழி வேறு. இறந்த மகனை மடியில் ஏந்திய அன்னை மரியாளின் சிலையைத் தம் 25 வயதுக்குள் அவர் செதுக்கி முடித்தார். அதைக் காண வந்த வெளியூரார் சிலர், இது எங்கள் ஊர்ச் சிற்பியின் வேலை என்று பேசிக்கொண்டது அவர் காதில் விழுந்ததாம். அன்றிரவே விளக்கும் உளியுமாகச் சென்று அன்னையின் மார்பின் குறுக்கே ஓடும் பட்டையில் தம் பெயரைப் பொறித்தார் என்பது கதை. வேறு எந்தச் சிலையிலும் அவர் பெயர் பொறித்ததில்லை. முதுமையில், 1536 முதல் 1541 வரை, சிஸ்டைன் ஆலயச் சுவரில் இறுதித் தீர்ப்பை எழுதினார். தோல் உரிக்கப்பட்டு மாண்ட புனித பர்த்தலோமேயு தம் உரித்த தோலைக் கையில் தொங்கவிட்டபடி அமர்ந்திருக்கிறார். அந்தத் தோலில் குழைந்து தொங்கும் முகம் மைக்கேல் ஆஞ்சலோவின் முகம் என்று, ஏறத்தாழ நான்கு நூற்றாண்டு கழித்து, 1925இல் இத்தாலிய மருத்துவர் ஒருவர் எடுத்துக் காட்டினார். டூரர் தம்மை அழகனாக எழுதினார். இவரோ உயிரற்ற தோலாக எழுதினார். உள்ளத்தில் எத்துணைக் கசப்பு இருந்திருக்க வேண்டும்!

பெண்களுக்கு இந்தக் கதவு இன்னும் இறுக மூடியிருந்தது. கிரெமோனா நகரத்துச் சோபோனிஸ்பா ஆங்குயிஸ்ஸோலா, 1532 அளவில் பிறந்தவர். ஆடவர் கற்பது போல் உடலமைப்பைப் பார்த்து வரைந்து கற்க அவருக்கு வழியில்லை. எளிதில் கிடைத்தது தம் முகமும் தங்கையரின் முகங்களுமே. ஆகவே தம்மையே மீண்டும் மீண்டும் எழுதினார். தூரிகை ஏந்தியபடி எழுதினார். தங்கையர் சதுரங்கம் ஆடுவதை எழுதினார். அந்தத் திறமை 1559இல் அவரை ஸ்பெயின் அரசியின் அவைக்குக் கொண்டு சேர்த்தது. அவர் 90 வயதைக் கடந்து சிசிலித் தீவில் வாழ்ந்தபோது, 1624இல், இளம் ஓவியர் வான் டைக் அவரைத் தேடிச் சென்று கண்டு, அந்த மூதாட்டியின் முகத்தைத் தம் குறிப்பேட்டில் வரைந்துகொண்டார். நம் நாட்டில் இவ்வரிசையில் வைக்கத்தக்கவர் அமிர்தா ஷேர்-கில். தம் முகத்தைப் பலமுறை எழுதிய பின்னரே அவர் தென்னாட்டுக்கு வந்து நம் சிற்றூர் மக்களின் முகங்களை எழுதினார். 1941இல் 28 வயதில் மறைந்தார்.

இவர்கள் வாழ்க்கையெல்லாம் நமக்குத் தெரிய வந்தது முதன்மையாக ஒரு நூலால். ஜார்ஜியோ வசாரி என்ற ஓவியர் 1550இல் ஓவியர், சிற்பியர், கட்டடக் கலைஞரின் வரலாறுகளைத் தொகுத்து வெளியிட்டார். 1568இல் வெளியிட்ட இரண்டாம் பதிப்பில் கலைஞரின் முகங்களையும் மரக்கட்டை அச்சில் சேர்த்தார். தம் வரலாற்றையும் மறவாமல் சேர்த்துக்கொண்டார். அவர் சொல்வதெல்லாம் உண்மையல்ல. ஊர்ப் பெருமையும் கட்டுக்கதையும் அதில் நிறையக் கலந்திருக்கின்றன. எனினும் கைத்தொழிலாளரின் வாழ்க்கை எழுதத்தக்கது என்று ஒருவர் எண்ணினார். அந்த எண்ணத்தின் பயனை ஐரோப்பா இன்றும் நுகர்கிறது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். இவ்வுரையைப் படிப்போரில் கோபிநத்தத்துத் தமிழரும் இருக்கலாம். மாதேசுவரன் மலைக்கும் ஒகேனக்கலுக்கும் இடையே, காவிரிக்கு அண்மையில் உள்ள ஊர் அது. அவ்வூர் இருந்த கொள்ளேகால் வட்டம் சென்னை இராச்சியத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. 1956 நவம்பர் 1ஆம் நாள் அது மைசூர் இராச்சியத்தோடு சேர்ந்தது. பிழைப்புத் தேடித் தில்லிக்கும் பம்பாய்க்கும் போனவர்கள் தாமே நடந்து போய் வெளி மாநிலத் தமிழரானார்கள். கோபிநத்தத்தாரோ இருந்த இடத்தில் இருந்தபடியே வெளி மாநிலத் தமிழரானார்கள். எல்லைக்கோடு நகர்ந்ததேயன்றி அவர்கள் நகரவில்லை. அவர்களுக்கு மேற்கே, காவிரியின் ஓட்டத்தை எதிர்த்துப் போனால், நம் கேள்விக்கு மிக நல்ல விடை ஒன்று கல்லில் இருக்கிறது. அதைச் சொல்வதற்கு முன் ஒரு தடையை நீக்கியாக வேண்டும்.

அந்தத் தடை, நாம் அடிக்கடி கேட்டுப் பழகிய ஒரு வாசகம்: இந்தியக் கலைஞர் தம் பெயரையும் முகத்தையும் நாடாதவர், அகந்தை நீத்தவர், தொழிலே அவர்க்குத் தவம். இக்கருத்துக்குப் பேரறிஞர் ஆனந்த குமாரசுவாமியின் எழுத்து பெருவலிமை தந்தது. அவர் கொழும்பில் 1877இல் பிறந்தவர். தந்தை வழியில் தமிழர். இந்தியக் கலையின் உயர்வை மேனாட்டாருக்கு உணர்த்தியவர்களுள் தலைசிறந்தவர். மேனாட்டாரின் ஏளனத்துக்கு மறுமொழி சொல்ல வேண்டியிருந்த காலத்தில், பெயர் கூறாப் பெருமையை அவர் போற்றியது இயல்பே. அவர்பால் நமக்குள்ள மதிப்புச் சிறிதும் குன்றாமலே, இதனைப் பாதி உண்மை என்று நாம் கூறுவோம். பெயரை எழுத விரும்பாதவர்கள் இருந்திருப்பார்கள். எழுத இடம் பெறாதவர்கள் அவர்களிலும் மிகுதி. வாய்ப்புக் கிடைத்தபோது நம் கலைஞர்கள் எழுதியே இருக்கிறார்கள்.

தஞ்சைப் பெரிய கோயிலைப் பாருங்கள். 1010இல் நிறைவுற்ற அக்கோயிலின் கல்வெட்டுகள் அரசர் கொடுத்ததையும் அரசியர் கொடுத்ததையும் மட்டுமா சொல்கின்றன? ஆடல் மகளிர் 400 பேரை, எந்த வரிசையில் எந்த வீடு என்பதுடன், பெயர் பெயராகச் சொல்கின்றன. குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சன் பெயரும் அங்கே கல்லில் இருக்கிறது. அரசன் தன் பெயரையே பட்டமாகத் தச்சருக்கு அளித்திருக்கிறான். ஆனால் அதே கோயிலின் உட்சுற்றில் நாயக்கர் காலத்துப் பூச்சின் கீழ் மறைந்திருந்து, 1931இல் பேராசிரியர் எஸ். கே. கோவிந்தசாமியின் கண்ணில் பட்ட சோழர் ஓவியங்களை எழுதியவர் யார்? அவர்கள் பெயர் நம் கைக்குக் கிட்டவில்லை. தருமபுரி, செங்கம் பக்கத்து நடுகற்களிலும் இதே நிலைதான். ஆநிரை மீட்டு மாண்ட வீரனின் உருவமும் பெயரும் உண்டு. உளி பிடித்தவனின் பெயரைக் காண்பது அரிது. கட்டடம் எடுத்தவன் பெயர் பெற்றான், எழுதியவன் பெறவில்லை. துறவு மனப்பான்மை தச்சருக்கு இல்லாமல் ஓவியருக்கு மட்டும் இருந்தது என்று சொல்ல முடியாதன்றோ?

மொகலாயர் அவையில் இன்னும் தெளிவாகக் காணலாம். அபுல் பசல் தம் ஆயினி அக்பரியில் ஓவியரின் பெயர்களை வரிசையாகத் தருகிறார். அவர்களில் தஸ்வந்த் என்பவர் பல்லக்குத் தூக்கும் ஒருவரின் மகன். சுவர்களில் உருவங்களைக் கிறுக்கிக்கொண்டிருந்தவரை அக்பர் ஒருநாள் கண்டு, தம் தலைமை ஓவியர் அப்துஸ் சமதிடம் ஒப்படைத்தார். சில காலத்தில் அவர் ஆசிரியரையும் விஞ்சினார். மகாபாரதத்தின் பாரசீக மொழிபெயர்ப்புக்குப் படங்களை வகுத்தார். பின்னர் மனம் பேதலித்து 1584இல் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். பாறையில் ஆட்டை வரைந்துகொண்டிருந்த இடைச்சிறுவன் ஜியோட்டோவைச் சிமாபுவே என்ற ஓவியர் கண்டெடுத்ததாக வசாரி சொல்லும் கதையையும் இதனையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், இத்தாலியின் கதையைவிட நம் நாட்டுக் கதை கனமானது என்பது விளங்கும்.

ஜஹாங்கீர் ஒரு படத்தில் புருவத்தை ஒருவரும் முகத்தை வேறொருவரும் எழுதியிருந்தாலும், எது யார் கை என்று தம்மால் சொல்ல முடியும் எனத் தம் நினைவுக் குறிப்பில் பெருமிதம் கொள்கிறார். கையை அறியும் அரசன் முகத்தையும் கேட்பான். அவர் ஆணையின்படி, அழகிய எழுத்தில் எழுதப்பட்ட நிஜாமியின் கவிதை நூல் ஒன்றின் கடைசிப் பக்கத்தில், நூலை எழுதிய அப்துர் ரஹீமையும் எதிரே அமர்ந்து அவரை வரையும் தம்மையும் ஓவியர் தௌலத் எழுதிச் சேர்த்தார். எழுத்தர் ஒருபுறம், ஓவியர் மறுபுறம். நடுவே அரசர் இல்லை! லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் அந்நூல் இருக்கிறது.

பஞ்சாப் மலைநாட்டு நைன்சுக் 1710 அளவில் குலேர் என்னும் ஊரில் பிறந்து ஜஸ்ரோட்டாவின் பல்வந்த் சிங்கிடம் பணி செய்தவர். எசமானர் ஓவியம் ஒன்றைக் கையில் ஏந்திப் பார்க்கும் காட்சியை அவர் எழுதியிருக்கிறார். பின்னால் கூப்பிய கைகளுடன் நிற்பவர் நைன்சுக். டூரரின் கையுறையையும் நைன்சுக்கின் கூப்பிய கையையும் நினைத்துப் பார்த்தால், இரு நாடுகளின் சமூக வரலாறே நம் கண்முன் நிற்கும்.

இந்த மலைநாட்டு ஓவியர் குடும்பங்களின் வரலாறு வெளிப்பட்ட விதம் கேட்கத்தக்கது. பி. என். கோஸ்வாமி இந்திய ஆட்சிப் பணியில் சேர்ந்து, சில ஆண்டுகளில் அதைத் துறந்து ஆராய்ச்சிக்கு வந்தவர். அரசாங்கக் கோப்புகளில் காலம் கழிக்கும் நம் போன்றோருக்கு அதுவே ஒரு வியப்பு! அவர் அரண்மனை ஏடுகளோடு நின்றுவிடவில்லை. ஹரித்துவாரத்துப் பண்டாக்களின் குடிப்பதிவேடுகளைப் புரட்டினார். யாத்திரை செல்லும் குடும்பத்தார் தம் ஊர், குலம், தந்தை, பாட்டன் பெயர்களை எழுதி வைக்கும் ஏடுகள் அவை. அவற்றில் ஓவியர் பலர் தம் குடும்பத்தைத் தம் கையாலேயே பதிந்திருந்தனர். எசமானர் பல்வந்த் சிங்கின் அஸ்தியைக் கங்கையில் கரைக்க 1763இல் வந்த நைன்சுக், தம் பெயரோடு ஒரு சிறு சித்திரத்தையும் அங்கே வரைந்து வைத்துச் சென்றிருந்தார். அகந்தை நீத்தவர், பெயர் நாடாதவர் என்று நாம் சொல்லிக்கொண்டிருந்தவர்கள், உரிய ஏடு ஒன்று கிடைத்தவுடன் உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள்.

தமிழ் ஓவியருக்கு அத்தகைய ஏடு வாய்க்கவில்லை. அவர்கள் சொந்த மண்ணை விட்டுப் பிற அரசுகளில் பணி செய்தபோது நேர்ந்ததைத் திருவனந்தபுரத்தில் காணலாம். சுவாதித் திருநாள் மகாராஜாவின் அவை ஓவியராக மதுரையிலிருந்து வந்தவர் அழகிரி நாயுடு. கிளிமானூர் இராஜராஜ வர்மா அவரிடம் கற்றார். அந்த இராஜராஜ வர்மாவின் மருமகன்தான் 1848இல் பிறந்த இரவி வர்மா. 14 வயதில், 1862இல், மாமனுடன் திருவனந்தபுரம் அரண்மனைக்கு அவர் வந்தபோது, அங்கே அவை ஓவியராக வீற்றிருந்தவர் இராமசாமி நாயக்கர். எண்ணெய் வண்ணம் குழைக்கும் நுட்பத்தை இரவி வர்மாவுக்குக் கற்றுத்தர அவர் மறுத்துவிட்டார் என்று வரலாற்றாசிரியர் கூறுவர். நாயக்கரிடம் உதவியாளராக இருந்த ஆறுமுகம் பிள்ளை என்ற தமிழர், இரவில் எவரும் அறியாமல் வந்து இரவி வர்மாவுக்கு அதைச் சொல்லிக் கொடுத்தாராம். பின்னர் 1868இல் தியடோர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர் வந்தபோது, அவரும் தாம் எழுதுவதை அருகிருந்து பார்க்க மட்டுமே இசைந்தார்.

நாயக்கரைப் பொறாமைக்காரர் என்று இகழ்வது எளிது. நாம் அவ்வாறு செய்ய விரும்பவில்லை. பிறர் நாட்டில், பிற மொழி பேசும் அவையில், ஒரே ஒரு கைத்திறனை முதலாக வைத்துப் பிழைப்பவர் அந்தத் திறனை அரச உறவுடைய ஓர் இளைஞருக்குக் கொடுத்துவிட்டு, பிறகு எதைக் கொண்டு வாழ்வது? இத்தாலியச் சங்கங்களும் தம் தொழில் மறையை இப்படித்தான் காத்தன. ஆயினும் அதே பிழைப்பும் அதே அச்சமும் உடைய ஆறுமுகம் பிள்ளை, எசமானருக்குத் தெரிந்தால் வேலை போய்விடும் என்று அறிந்தும், இரவில் நடந்து போனாரே! இந்திய எண்ணெய் வண்ண ஓவியத்தின் வரலாற்றில் அவருக்கு ஒதுக்கப்பட்டது இந்த ஓரிரு வரிகள்தாம். அந்த வரிகளும், அவர் மாணவர் பெரும்புகழ் பெற்றதால் நிலைத்தவை. 1873இல் சென்னைக் கண்காட்சியில் இரவி வர்மா பொற்பதக்கம் பெற்றார். ஆறுமுகம் பிள்ளை அன்று அரண்மனையின் எந்தப் பகுதியில் வண்ணம் அரைத்துக்கொண்டிருந்தாரோ!

இரவி வர்மா மைசூருக்கு 1885இல் அரச குடும்பத்தாரை எழுத வந்தார்; கடைசிக் காலத்தில் நால்வடி கிருஷ்ணராஜ உடையாரின் அழைப்பின்பேரில் மீண்டும் வந்து புராணக் காட்சிகளை எழுதினார். அவருடன் உழைத்த தம்பி சி. இராஜராஜ வர்மா தாமும் தேர்ந்த ஓவியர்; நாட்குறிப்பு எழுதியவர். அண்ணனும் தம்பியும் எந்த ஊரில் எந்தப் படத்தை எழுதினார்கள் என்பதெல்லாம் நமக்கு அந்த நாட்குறிப்பால் தெரிகிறது. 1905இல் தம்பி மறைந்தார்; அடுத்த ஆண்டு அக்டோபரில் அண்ணனும் மறைந்தார். அவர்கள் எழுதிய ஓவியங்கள் பல மைசூர் ஜகன்மோகன மாளிகையின் சேகரிப்பில் உள்ளன.

அந்த மைசூரிலேயே, அரண்மனை ஓவியர் குடும்பத்தில் 1886இல் பிறந்தவர் கே. வெங்கடப்பா. மகாராஜாவின் உதவியால் கல்கத்தா சென்று அவனீந்திரநாத் தாகூரிடம் பயின்றார். ஊர் திரும்பிய பின், வீணை சேஷண்ணாவிடம் இசை கற்கத் தொடங்கி அதில் முற்றாக மூழ்கினார். 1926இல் எழுதிய ஓவியம் ஒன்றில், வீணையின்மேல் பித்துக்கொண்ட, மெலிந்த துறவி போன்ற உருவமாகத் தம்மையே எழுதிக்கொண்டார். டூரரின் பகட்டு உடையும் அதில் இல்லை; நைன்சுக்கின் கூப்பிய கையும் இல்லை. தமக்கு உள்ள பைத்தியம் இன்னதென்று ஒருவர் தாமே அறிந்து, சற்றே நகைத்துக்கொண்டு எழுதிய படம் அது. மறுமலர்ச்சிக் காலத்தார் நூறாண்டு முயன்று அடைந்த உரிமையை அவர் வெகு இயல்பாக எடுத்துக்கொண்டார்.

கல்லில் இருக்கும் விடையைச் சொல்வதாக முன்னர்க் கூறினோம். மைசூருக்குக் கிழக்கே ஏறக்குறைய 35 கிலோமீட்டர் தொலைவில், காவிரிக்கு அருகே, சோமநாதபுரம் இருக்கிறது. போசள மன்னன் மூன்றாம் நரசிம்மனின் தளபதி சோமநாதன் 13ஆம் நூற்றாண்டில் எடுப்பித்த கேசவன் கோயில் அது. பேலூர், ஹளேபீடு கோயில்களுடன் 2023இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்கப்பட்டது. விண்மீன் வடிவில் அமைந்த அதன் வெளிச்சுவரைச் சுற்றி வரும்போது, யானை வரிசையையும் குதிரை வரிசையையும் கொடிக்கருக்கையும் கண்டு வியந்து, நாம் கண்ணை அவற்றின்மேலேயே வைத்திருப்போம். கண்ணைச் சற்று உயர்த்தித் தெய்வ உருவங்களின் பீடத்தைப் பார்க்க வேண்டும். அங்கே சிற்பியின் பெயர் இருக்கிறது: மல்லிதம்மன். ஓரிடத்தில் அன்று, பல இடங்களில். சிலவற்றில் பெயர் சுருங்கி மல்லி என்று மட்டும் நிற்கிறது. நுக்கேஹள்ளி முதலிய வேறு போசளக் கோயில்களிலும் இப்பெயரைக் காணலாம். பேலூரில் இவருக்கு ஒரு நூற்றாண்டுக்கு முன் வேலை செய்த தாசோஜனும் அவர் மகன் சாவணனும், தாம் பள்ளிகாவியிலிருந்து வந்தவர்கள் என்று ஊரையும் சேர்த்தே பொறித்திருக்கிறார்கள். வந்த இடத்தில் வேலை செய்தாலும் பிறந்த ஊரை விடாமல் எழுதியவர்கள்!

மல்லிதம்மன் தம் முகத்தைச் செதுக்கவில்லை. கிபெர்ட்டி தம் வழுக்கைத் தலையை வெண்கலக் கதவில் வைத்ததற்கு ஏறக்குறைய இரு நூறு ஆண்டுகளுக்கு முன்பே, இவர் தம் பெயரைக் கேசவனின் காலடியில் வைத்துவிட்டார். அந்த எழுத்து பழங்கன்னட எழுத்து. கோபிநத்தத்திலிருந்தோ வேறெங்கிருந்தோ அங்கே செல்லும் தமிழ்க் குடும்பத்தார், பள்ளியில் கன்னடம் கற்கும் பிள்ளையைத் தவறாமல் உடன் அழைத்துச் செல்க. எழுத்தின் வடிவம் இன்றையதினின்றும் சற்று மாறியிருந்தாலும், அந்தப் பிள்ளை பீடத்தருகே நின்று எழுத்துக் கூட்டிப் படித்து, மல்லி என்னும் இரண்டு எழுத்தைப் பெற்றோருக்குத் தமிழில் சொல்லிவிடும்.